அப்பாவுக்கு இலவச சவுனா

சவுனா எபிசோட் போட்டு மூண்டு கிழமை ஆகுது. வந்த மெசேஜில பாதி, "அண்ணா, எந்தச் சவுனா வாங்கலாம், என்ன விலை?" எண்டதுதான். ஆனா ஜேர்மனியில இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருந்தா: "சூடு உடம்புக்கு அவ்வளவு நல்லதெண்டா, முப்பது வருசமா ரெஸ்டோரன்ட் குசினிக்குள்ள நிண்ட எங்கட அப்பாமார் எல்லாரும் நூறு வயசுவரை இருக்கவேணுமே?"

வாசிச்சவுடனே எனக்குச் சிரிப்பு வரேல்லை. ஏனெண்டா இதே கதையைப் பகிடியாக நான் என்ர அப்பாவுக்குச் சொன்னனான், 2023 ஜூனில. மிலானில ஒரு கொன்ட்ராக்ட் முடிச்சுப்போட்டு பலெர்மோ வீட்டுக்கு வந்த நேரம். மிலானில ஜிம்முக்குப் பக்கத்தில சவுனா இருந்தது. கிழமைக்கு நாலு நாள் போவன், போட்டு வந்து அதைப்பற்றி எல்லாருக்கும் வகுப்பு எடுப்பன். அப்பா இஞ்ச ஒரு ரெஸ்டோரன்டில பீட்சா அடுப்புக்குப் பக்கத்தில நிக்கிறவர். பதினாலு வருசமா சீனி வருத்தம். "அப்பா, நான் காசு குடுத்து வேர்க்கிறன், உங்களுக்கு முதலாளி காசு தந்து வேர்க்க வைக்கிறார். உங்களுக்கு இலவச சவுனா" எண்டு சொன்னன். அவர் சிரிச்சார். அவர் அதை மனசில வச்சிருந்தார் எண்டது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அந்த வருசம் ஜூலை 24 பலெர்மோவில இருந்த ஆக்களுக்கு மறக்காது. வெயில் 47 டிகிரிவரை போனது. சகாராப் பக்கத்தில இருந்து சிரொக்கோ காத்து. இரவு நகரத்தைச் சுத்தியிருக்கிற மலையெல்லாம் நெருப்பு. அடுத்த நாள் விடிய எயார்போட்டை மூடினவங்கள். எங்கட வீடு பல்லரோ சந்தைக்குப் பக்கத்தில அஞ்சாம் மாடி, மேல மொட்டை மாடி மட்டும்தான். பகல் முழுக்க அந்தக் கொங்கிரீட் குடிச்ச சூட்டை இரவு எங்களுக்குத் திருப்பித் தரும். கரண்டும் போட்டுது. புகை வருமெண்டு ஜன்னலையும் திறக்கேலாது.

அப்பா பதினொண்டரைக்கு வந்தார். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னம் போடுற ஊசியைப் போட்டார். பிறகு, "இந்த வெக்கையில சோறு இறங்காது" எண்டு தட்டைத் தள்ளி வச்சிட்டார். இருவது நிமிசத்தால எழும்பிப்போய்த் திரும்பவும் இன்சுலின் பேனாவை எடுத்தார். அம்மா, "இப்பதானே போட்டனீங்கள்" எண்டா. "நான் போடேல்லை" எண்டார். அம்மா மேசையில கிடந்த ஊசி மூடியைக் காட்டினா. அப்பா கத்தினார். எங்கட அப்பா கத்துற ஆள் இல்லை. சேட் முழுக்க வேர்வை. நாங்கள் வெக்கையால எண்டு நினைச்சம். அம்மாதான் விரலைக் குத்திப் பார்த்தா: 61. ரெண்டு கிளாஸ் சீனித்தண்ணி குடிக்க வச்சு, போன் லைற்றில கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா குத்திப் பார்த்துக்கொண்டு இருந்தம். அவர் ரெண்டாம் ஊசியைப் போட்டிருந்தா என்ன நடந்திருக்கும் எண்டதை நான் இப்பவும் நினைச்சுப் பார்க்க விரும்பிறதில்லை.

சரி, இப்ப தங்கச்சியின்ர கேள்விக்கு வாறன். எபிசோடில நாங்கள் சொன்னது பொய்யா? இல்லை. ஆனா பாதியைத்தான் சொன்னம்.

முதல் பாதியைத் திரும்ப ஒருக்காப் பார்ப்பம். இந்தக் கதை தொடங்கினதே இத்தாலியிலதான். 1960களின்ர தொடக்கத்தில நாப்போலியில பெருச்சியோ ரித்தோசா எண்ட மரபணு ஆய்வாளர் பழ ஈக்களின்ர உமிழ்நீர்ச் சுரப்பிக் கலங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆரோ இன்குபேற்றரின்ர சூட்டைக் கூட்டி விட்டிட்டினம். அடுத்த முறை மைக்ரோஸ்கோப்பில பார்த்தா, குரோமோசோமில சில இடங்கள் ஊதிக்கொண்டு நிக்குது. அந்த இடங்களில இருக்கிற மரபணுக்கள் அவசரமா வேலை செய்யத் தொடங்கியிருக்கு. 1962ல அதை எழுதி வெளியிட்டார். அந்த மரபணுக்கள் செய்யிற பொருளுக்குத்தான் பிறகு வெப்ப அதிர்ச்சிப் புரதம் எண்டு பேர் வந்தது.

முட்டை அவிக்கேக்க வெள்ளைக்கரு இறுகுதல்லோ? சூட்டில புரதம் தன்ர மடிப்புக் குலைஞ்சு ஒண்டோட ஒண்டு ஒட்டுறதுதான் அது. எங்கட கலங்களுக்குள்ளயும் சூடு ஏற அதின்ர சின்னத் தொடக்கம் நடக்கும். வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் ஓடிவந்து, குலையப்போறதைப் பிடிச்சு மடிச்சு விடும், ஏலாததை அழிக்க அனுப்பும். அல்சைமர் வருத்தத்தில மூளைக்குள்ள மடிப்புப் பிழைச்ச புரதங்கள் கட்டிபட்டுக் கிடக்கும் எண்டது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அப்ப, அடிக்கடி கொஞ்சம் சூடாக்கினா இந்தத் துப்புரவு வேலை நல்லா நடக்குமோ எண்டு ஆக்கள் யோசிக்கிறதில ஆச்சரியம் இல்லை.

பின்லாந்து ஆய்வு அந்த யோசினைக்குப் பெரிய பலம் குடுத்தது. யாரி லவுக்கனனும் கூட ஆய்வு செய்தவையும் குவோப்பியோப் பக்கத்தில 42 தொடக்கம் 60 வயசுக்கு இடைப்பட்ட 2,315 ஆம்பிளையளை இருவது வருசமளவில பின்தொடர்ந்து, 2017ல முடிவைச் சொன்னவை. கிழமைக்கு ஒருக்கா சவுனாவுக்குப் போனவையோட ஒப்பிட, நாலு தொடக்கம் ஏழு தரம் போனவைக்கு மறதி வருத்தம் 66 வீதம் குறைவாக வந்திருந்தது. எபிசோடில நான் மூண்டுதரம் சொன்ன 66 இதுதான். நான் ஒருதரம்கூடச் சொல்லாதது: எல்லாரும் ஆம்பிளையள், ஆரையும் சவுனாவுக்குப் போ, போகாதே எண்டு பிரிச்சு விடேல்லை, கிழமைக்கு ஏழு நாளும் சவுனாவுக்குப் போக உடம்பும் நேரமும் இருக்கிற ஆள் ஏற்கனவே கொஞ்சம் சுகமான ஆளாக இருக்கக்கூடும். ஆய்வாளர்கள் வயசு, புகை, குடி, பிறஷர் எல்லாத்தையும் கணக்கில எடுத்தவைதான். எண்டாலும் இந்தச் சந்தேகம் முழுசாப் போகாது.

சீனி விசயத்திலயும் நல்ல செய்தி இருக்கு. லவ்பரோ பல்கலைக்கழகத்தில ஸ்டீவ் போக்னர் செய்த ஆய்வில, ஒரு மணித்தியாலம் 40 டிகிரித் தண்ணிக்குள்ள படுத்திருந்த ஆக்களுக்கு 140 கலோரி அளவில எரிஞ்சது. அரை மணித்தியாலம் நடந்த மாதிரி. சாப்பாட்டுக்குப் பிறகு ஏறுற சீனியின்ர உச்சமும் பத்து வீதமளவில குறைவு. பத்திரிகையள் "குளிச்சா மெலியலாம்" எண்டு தலைப்புப் போட்டதும் இதாலதான்.

ஆனா எனக்குத் தேவையாக இருந்தது அதை விடப் பழைய, சின்ன ஆய்வு ஒண்டு. 1999ல பிலிப் ஹூப்பர் எண்ட அமெரிக்க டொக்டர் சீனி வருத்தக்காரர் எட்டுப் பேரை மூண்டு கிழமைக்கு, கிழமையில ஆறு நாள், ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் சுடுதண்ணித் தொட்டிக்குள்ள இருக்க வச்சார். வெறும் வயித்துச் சீனி சராசரியா 182ல இருந்து 159க்கு இறங்கினது. எல்லாரும் சொல்லுறது இந்த வரியைத்தான். அதே ஒரு பக்கக் கடிதத்தில இன்னொரு வரி கிடக்கு: எட்டுப் பேரில ஒருத்தருக்குப் பத்து நாளில இன்சுலின் அளவை 18 வீதம் குறைக்கவேண்டி வந்தது, இல்லாட்டி சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கியிருக்கும்.

அந்த வரியை நான் வாசிச்சது அப்பாவின்ர 61க்குப் பிறகுதான். எபிசோடுக்கு நோட்ஸ் எடுக்கேக்க அது என்ர கண்ணில படவே இல்லை.

அந்த இரவுக்கு அடுத்த நாள் நான் செய்தது, எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை: லொக் வாசிக்கிறது. அப்பா ஒரு சீஆர் கொப்பியில திகதி, சீனி, எத்தினை யூனிட் எண்டு ஒவ்வொரு இரவும் எழுதுவார். ஜூன் கடைசிவரை 140, 155, 150. ஜூலை முதல் கிழமையில இருந்து 210, 235, 260. அவர் ஒருத்தருக்கும் சொல்லாமல் யூனிட்டைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். முதல் ரெண்டு, பிறகு இன்னும் ரெண்டு. ஜூலை 24க்கு நேர "புதுப் பேனா" எண்டு எழுதியிருந்தது.

மத்தியானம் டொக்டரிட்டப் போனம். அவ கேட்ட முதல் கேள்வி, "பழைய பேனா வேலை இடத்தில எங்க இருந்தது?" எண்டதுதான். அப்பா சொன்னார்: பையுக்குள்ள. பை எங்க? அடுப்புக்கு மேல இருக்கிற தட்டில. பாவிக்கத் தொடங்கின பேனாவை 30 டிகிரிக்கு மேல வைக்காதே எண்டு அந்தப் பெட்டியிலயே எழுதிக் கிடக்கு. அந்தத் தட்டில 40, 45 டிகிரியில மூண்டு கிழமை இருந்த மருந்து பலம் கெட்டுப் போச்சு. பலமில்லாத மருந்துக்கு அப்பா அளவைக் கூட்டினார். பிறகு பிரிட்ஜில இருந்து எடுத்த புது மருந்தை, முழுப் பலத்தோட, கூட்டின அளவில போட்டார். அதுவும் தோல் முழுக்க இரத்தம் பாய்ஞ்சுகொண்டிருந்த ஒரு இரவில. தோலில இரத்த ஓட்டம் கூடினா போட்ட இன்சுலின் வேகமா உறிஞ்சப்படும். அதுக்கு மேல சாப்பிடவும் இல்லை.

ஒரு பக் இல்லை, நாலு. தனித்தனிய எடுத்தா ஒண்டும் பெரிசா ஒண்டும் செய்திருக்காது.

மூளை எங்க வருது எண்டு கேப்பீங்கள். மூளை உடம்பின்ர நிறையில ரெண்டு வீதம்தான், ஆனா சக்தியில இருவது வீதத்தைத் தின்னும். அதுக்குச் சாப்பாடு குளுக்கோஸ். அதைக் குளிராக்கிறதும் இரத்தம்தான். சும்மா இருக்கேக்க இதயம் நிமிசத்துக்கு அஞ்சு லீட்டர் அளவில தள்ளும். கடும் வெக்கையில தோல் மட்டுமே ஆறு தொடக்கம் எட்டு லீட்டர்வரை இழுக்கும். லப்டொப் சூடேறினா தன்ர வேகத்தைக் குறைக்குமல்லோ? மூளைக்கும் கிட்டத்தட்ட அப்பிடித்தான், வித்தியாசம் என்னெண்டா ஸ்கிரீனில ஒண்டும் காட்டாது. வேகம் குறைஞ்ச மூளையே "நான் நல்லாத்தான் இருக்கிறன்" எண்டு சொல்லும். அப்பாவின்ர அந்த இரவுக் குழப்பம் சீனி இறங்கினதாலயா, வெக்கையாலயா எண்டு டொக்டரிட்டக் கேட்டன். ரெண்டுக்கும் வேர்க்கும், ரெண்டுக்கும் மனுசர் குழம்புவினம், கோபப்படுவினம். குத்திப் பார்க்காமல் பிரிச்சுச் சொல்லேலாது எண்டா. எங்கட வீடுகளில சீனி இறங்கினதை எத்தினை தரம் "வெயில்ல போட்டு வந்த களைப்பு" எண்டு படுக்க விட்டிருப்பம்?

சீனி வருத்தம் இல்லாத இளம் பெடியளுக்கும் இது நடக்கும். 2016 கோடையில பொஸ்டனில ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 44 மாணவர்களைப் பன்ரெண்டு நாள் பார்த்தவை. சிலருக்கு ஏசி உள்ள விடுதி, சிலருக்கு ஏசி இல்லாத விடுதி. காலையில எழும்பினவுடனே போனில சின்னச் சோதினை. வெக்கை அலை நேரம் ஏசி இல்லாதவை பதில் சொல்ல எடுத்த நேரம் 13 வீதம் கூட, கணக்கில எடுத்த புள்ளியும் அவ்வளவுக்குக் குறைவு. வெயிலுக்குள்ள வேலை செய்த ஆக்கள் இல்லை, சூடான அறையில நித்திரை கொண்ட ஆக்கள். (அந்த ஜூலைக் கிழமையில நான் எழுதின கோட் இப்பவும் கிட்டில இருக்கு. நான் திறந்து பார்க்கிறதில்லை.)

வருசக் கணக்கில என்ன நடக்கும்? 2025ல தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில உன்யங் சோயும் ஜெனிபர் ஐல்ஷயரும், 56 வயசுக்கு மேற்பட்ட 3,600க்கு மேலான அமெரிக்கரின்ர இரத்தத்தில மரபணு எவ்வளவு "வயசு போயிருக்கு" எண்டு பார்த்தவை. வருசத்தில பாதி நாள் கடும் வெக்கையாக இருக்கிற இடத்தவைக்கு, குளிர் இடத்தவையை விட 14 மாசம்வரை கூட வயசு போயிருந்தது. ஆர் ஏசிக்குள்ள இருந்தவை எண்ட விபரம் அதில இல்லை. தமிழ்நாட்டு உப்பளங்களில சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின்ர வித்யா வேணுகோபால் குழு 350க்கு மேற்பட்ட தொழிலாளரைப் பார்த்தது. பத்தில ஒன்பது பேரளவில பாதுகாப்பான அளவைத் தாண்டின வெக்கையில வேலை செய்யினம், ஏழு வீதமானவைக்குச் சிறுநீரகத்தின்ர வேலை குறைஞ்சிருந்தது. அவையும் அடிக்கடி சூட்டுக்குள்ள நிக்கிற ஆக்கள்தான். பின்லாந்து ஆம்பிளையளை விடக் கனக்க நேரம்.

இஞ்சதான் என்ர பகிடி பிழைச்சது. பின்லாந்துக்காரர் 80 டிகிரி அறைக்குள்ள கால் மணித்தியாலம் அளவில இருப்பார். பிறகு கதவைத் திறந்து வெளியில வந்து, தண்ணி குடிச்சு, குளிர்ந்த அறையில நித்திரை கொள்ளுவார். ரித்தோசாவின்ர புரதங்கள் திருத்த வேலையை முடிக்க அந்த ஆறுற நேரம் வேணும். அப்பா 40 டிகிரியில ஒன்பது மணித்தியாலம் நிண்டுபோட்டு 33 டிகிரி வீட்டுக்கு வாறார். அவரின்ர சவுனாவுக்குக் கதவு இல்லை. போதாததுக்கு, கனகாலச் சீனி வருத்தம் தோலின்ர இரத்த ஓட்டத்தையும் வேர்க்கிற சக்தியையும் குறைக்கும். அதாவது உள்ளுக்க பான் சரியா வேலை செய்யாத ஒரு மெசினை வெயிலில வச்சு ஓட்டுறம்.

"நாங்கள் யாழ்ப்பாணத்து ஆக்கள், வெயில் எங்களுக்குப் பழக்கம்" எண்டது அப்பாவின்ர நிரந்தரப் பதில். உங்கட வீட்டிலயும் இருக்கும். பழக்கம் எண்டது உண்மைதான். ஒரு கிழமை, ரெண்டு கிழமை வெக்கையில நிண்டா இரத்தத்தின்ர திரவம் கூடும், வேர்வை வேளைக்கே தொடங்கும், வேர்வையோட போற உப்புக் குறையும். ஆனா வெக்கையை விட்டு விலகிச் சில கிழமையில அது கழண்டு போடும். அப்பா ஊரை விட்டு வெளிக்கிட்டது 1990ல.

வெக்கை பொறுக்கேலாது எண்டது பலெர்மோவுக்குப் புதுசு இல்லை. பழைய பிரபுக்கள் தங்கட தோட்டங்களில நிலத்துக்குக் கீழ பாறையைக் குடைஞ்சு சிரொக்கோ அறை கட்டி வச்சவை. அரபிக்காரர் காலத்தில இருந்து நிலத்தடியில ஓடின கனாத் வாய்க்கால் தண்ணி அதுக்குள்ளால போகும், மேல காத்துப் போக ஒரு துவாரம். சிரொக்கோ வீசுற நாளெல்லாம் அதுக்குள்ளதான் இருப்பினம். அல்தரெல்லோப் பக்கம் மிச்சூல்லாத் தோட்டத்தில ஒண்டு இப்பவும் இருக்கு. பன்ரெண்டாம் நூற்றாண்டு சீசா மாளிகையிலயும் கடல் காத்தை உள்ள இழுத்து, நடு மண்டபத்தில ஓடுற தண்ணிக்கு மேலால விட்டுக் குளிராக்கின முறை இருக்கு. நான் ரெண்டையும் பள்ளிக்கூடச் சுற்றுலாவில பார்த்தனான், ஆனா அப்ப எனக்கு விளங்கினது ஐஸ்கிரீம் மட்டும்தான். இப்ப யோசிச்சா, எண்ணூறு வருசத்துக்கு முன்னமே இந்த ஊரில ஆறுறதுக்கு ஒரு இடம் வேணும் எண்டு தெரிஞ்சிருக்கு. அரசனுக்கும் பிரபுவுக்கும் கட்டிக் குடுத்திருக்கினம். தண்ணி காவின ஆளைப் பற்றி ஒண்டும் எழுதி வைக்கேல்லை.

சிசிலி அரசும் 2024ல இருந்து, வெக்கை ஆபத்து உச்சமாக இருக்கிற நாளில மத்தியானம் 12:30 தொடக்கம் 4 மணிவரை தோட்ட வேலையும் கட்டட வேலையும் செய்யக்கூடாது எண்டு கோடையில உத்தரவு போடுது. நல்ல விசயம். ஆனா குசினி அதில இல்லை. கூரை இருக்கிறதால அது வெயில் வேலை இல்லையாம்.

கனநாளைக்குப் பிறகுதான் அம்மா எனக்கு ஒரு விசயம் சொன்னா. அந்த ஜூலையில முதலாளி அப்பாவை அடுப்பை விட்டு முன்பக்கக் கவுண்டருக்கு வரச் சொல்லிக் கேட்டவராம். அப்பா மாட்டன் எண்டிட்டார். "என்ர மகன் இதைப் பற்றிப் படிச்சவன், வேர்க்கிறது சீனிக்கு நல்லது எண்டு சொன்னவன்" எண்டு குசினி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிஞ்சிருக்கிறார்.

நான் டொக்டர் இல்லை, கொம்பியூட்டர் படிச்சவன். அதால வீட்டில சீனி வருத்தக்காரர் இருக்கிற ஆக்களுக்கு மூண்டே மூண்டு சொல்லுறன். பேனா பகலில எங்க இருக்கு எண்டு போய்ப் பாருங்கோ, கேட்டுப்போட்டு விடாதேங்கோ. வெக்கை நாளில ஆள் குழம்பினா முதல் விரலைக் குத்துங்கோ. சீனி சரியா இருந்தும் குழப்பம் தெளியாட்டி ஆளைக் குளிராக்கிக்கொண்டு அம்புலன்ஸுக்கு அடியுங்கோ, அது வெப்ப வாதமாக இருக்கலாம். பிறஷர் குளிசையில சிலது உடம்புத் தண்ணியை வெளியேத்தும். கோடைக்கு முன்னம் அதைப் பற்றி டொக்டரோட கதையுங்கோ, நீங்களா நிப்பாட்டாதேங்கோ. சவுனாவும் அப்பிடித்தான்: இன்சுலின் போடுற ஆக்கள் டொக்டரைக் கேக்காமல் உள்ளுக்க போகாதேங்கோ. எபிசோடில நான் இதைச் சொல்லியிருக்கவேணும்.

நான் இப்பவும் சவுனாவுக்குப் போறன். பிடிச்சிருக்கு, நித்திரை நல்லா வருது.

அப்பா ஜூலை, ஓகஸ்டில கவுண்டரில நிக்கிறார், மற்ற மாசங்களில அடுப்படி. பேனாவுக்குக் குளிர்ப் பை வாங்கிக் குடுத்தன். அவர் தானாக வாங்கினது ஒரு சின்னத் தெர்மோமீற்றர், குசினிச் சுவரில கொழுவி வச்சிருக்கிறார். சீஆர் கொப்பியில இப்ப நாலாவது நிரல் ஒண்டு இருக்கு, மேல "அடுப்படி" எண்டு எழுதியிருக்கு. போன செவ்வாய்க்கிழமைக்கு நேர 43. பக்கத்தில, சின்ன எழுத்தில, "முதலாளிக்குக் காட்டினேன்."